விரல் வைத்த வரிகள்

மாதப்பன் இறந்தது ஆடியிலா ஆவணியிலா என்று இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆண்டும் ஒன்று முன்பின்னாக இருக்கலாம். ஆனால் இறந்த பிறகும் அவர் கடிதங்களில் பொய்யான வரிகளை அழித்துவந்தார் என்பதில் ஐயமில்லை. பென்னாகரத்து ஆசிரியை சோபனாவும் பொம்மிடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் சந்திரமோகனும் எழுதும் கதைகளை முதலில் படிப்பவர், ஒகேனக்கல்லில் மீன் வறுத்து விற்ற அவர்தான். கருத்து எதுவும் சொல்லமாட்டார். பொய்யென்று பட்ட வரியின் மேல் எண்ணெய் விரலை வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். போனில் படித்துக் காட்டட்டுமா என்று சோபனா கேட்டால், "போன்ல வெரல எங்கம்மா வெக்கறது?" என்பார்.

அதனால் அவர் போன பிறகு இருவரும் அவரைப் பற்றிக் கடிதத்திலேயே பேசிக்கொண்டார்கள். சந்திரமோகனின் முதல் கடிதத்திலேயே நடுவில் நான்கு வரிகளைக் காணோம். அந்த இடத்தில் விரலகலத்துக்கு எண்ணெய் ஊறி, மிளகாய்த்தூள் வாசம் அடித்தது. விசாரித்ததில், பரிசல் கவிழ்ந்தபோது மாதப்பன் நீந்திப்போய் மூன்று பேரைக் காப்பாற்றியதாகச் சந்திரமோகன் எழுதிய இடம் அது. மாதப்பனுக்கு நீச்சல் தெரியாது. சோபனாவின் கடிதங்களும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. தபால் நிலையத்தில் கேட்டதற்கு, எடை சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

சோபனாவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். கடைசியாகக் கொடுத்த கதையின் முடிவில் அவர் விரல் வைத்தபோது, "மீன் வறுக்கற உங்களுக்குக் கதையப் பத்தி என்னங்க தெரியும்?" என்று கேட்டுவிட்டு வந்தவள் அவள். அதன்பின் இரண்டு வருடம் ஒகேனக்கல் பஸ் ஏறவில்லை. அதற்குள் அவர் இறந்துவிட்டார். அவருக்குத் தன்மேல் கோபம் இருந்ததா என்று எழுதிக் கேட்டாள். பதிலில் வணக்கமும் கையெழுத்தும் மட்டும் இருந்தன, நடுவில் எண்ணெய். கோபமே இல்லை என்று சந்திரமோகன் எழுதியிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. மறுபடி கேட்டாள், மறுபடியும் எண்ணெய். உள்ளதை எழுதுங்கள், தாங்கிக்கொள்கிறேன் என்று எழுதினாள்.

அடுத்த கடிதம் முழுதாக வந்தது. "கோபம் இருந்துச்சுங்க. உங்க பேரெடுத்தாலே எழுந்து போயிடுவாரு. ஆனா அந்தக் கதையத் தலகாணிக்கு அடியிலயே வெச்சிருந்தாரு. கடைசி வரி இருந்த எடத்துல ஓட்டை. வெரல் வெச்சு வெச்சுத் தேஞ்சுபோச்சு."

தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஓர் எழுத்தும் குறையவில்லை.

அந்தக் கதையைக் கடைசி வரி இல்லாமலே அவள் அச்சுக்குக் கொடுத்தாள். சந்திரமோகன் மருந்துக்கடையில்தான் இருக்கிறார். இப்போதெல்லாம் சுருக்கமாக எழுதுகிறார். மீன் கடையை மாதப்பனின் மனைவி சென்னம்மாள் நடத்துகிறாள். மாதப்பன் படித்துக்கொண்டிருக்கிறார்.