பத்தரை மணி மெசேஜ்

"மாமா, அந்த போனை ஒரு நிமிஷம் குடுங்களேன்."

மாமா கையை உயர்த்திக் காட்டினார். பொறு என்று அர்த்தம். அப்பாவின் போன் அவர் காதோடு ஒட்டியிருந்தது.

"ஆமாங்க. நேத்து சாயங்காலம் அஞ்சே முக்கால். இல்லைங்க, படுக்கையிலெல்லாம் கிடக்கல. நாற்காலியில உக்காந்தபடியே. ஆமாங்க, யாருக்கும் ஒரு தொந்தரவு குடுக்கல. பதினொரு மணிக்கு வண்டி. சரிங்க, நீங்க யாருன்னு எனக்குத் தெரியலையே? ஓ, கேஸ் ஏஜென்சியா. பரவாயில்லைங்க. சொல்லணும்னு தோணிச்சு, சொன்னேன்."

"கேஸ் ஏஜென்சிக்கு எதுக்கு மாமா சொல்றீங்க?"

"போன்ல நம்பர் இருக்குல்ல? நாளைக்கு ஒருத்தன், எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையேன்னு நின்னா யார் பதில் சொல்றது? உங்கம்மாவா? வரிசையா சொல்லிட்டு வர்றேன். 'ஜி' எழுத்து வரைக்கும் வந்தாச்சு."

"எனக்கு ஒரு ஓடிபி கோடு வரணும் மாமா. ஆறு நம்பர். அது அப்பா போனுக்குத்தான் வரும்."

"எதுக்கு?"

எதுக்கு என்று இந்த மனுஷனிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது? மணி ஒன்பது நாற்பது. கூடத்தில் அப்பா வெள்ளைத்துணிக்குள் படுத்திருக்கிறார். பத்தரை மணிக்கு அவர் நாற்பத்திரண்டு பேருக்கு மெசேஜ் அனுப்பப் போகிறார். அதன் முதல் வரி இது: "இதுவே என் கடைசிக் கடிதம். இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன்."

எழுதியவள் அவர் மகள், இவள்தான்.

அவள் பிழைப்பே அது. உத்தியோக வலைத்தளத்தில் முதலாளிகளும் மேலாளர்களும் தங்கள் பெயரில் போட்டுக்கொள்ளும் பதிவுகளை அவள்தான் எழுதுவாள். வேலை வேண்டும், வியாபாரம் வேண்டும் என்று முன்பின் தெரியாதவர்களுக்குப் போகும் மெசேஜ்களும் அவள் கைவேலைதான். மூன்று மெசேஜ் ஒரு செட். முதலாவது அறிமுகம். இரண்டாவது நினைவூட்டல். மூன்றாவதில், இதோடு விட்டுவிடுகிறேன் என்று ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்குகிறவனைத்தான் ஜனங்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது தொழில் ரகசியம். நாளையும் நேரத்தையும் குறித்துவிட்டால் தானாகவே போய்விடும். ஆள் இருக்கிறாரா இல்லையா என்று அது கேட்பதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அப்பாவின் ஆலையை மூடினார்கள். இருபத்தொன்பது வருஷம் பாய்லர் பார்த்தவர். வீட்டில் உட்கார முடியாமல் குக்கரையே முறைத்துக்கொண்டிருந்தார். "நான் பார்த்துக்கறேன்ப்பா" என்று வேலை தேடித்தர இவள் இறங்கினாள். இறங்கியிருக்கவே கூடாது.

"முதல் வரியிலேயே படிக்கிறவன் நிக்கணும்ப்பா."

"அவன் ஏன் நிக்கணும்? அவனுக்கு வேலை இருக்காதா?"

"'இருபத்தொன்பது வருடம் நெருப்போடு வாழ்ந்தவன் நான்.' எப்படி இருக்கு?"

"நெருப்போட வாழ்ந்தது உங்கம்மா. நான் தண்ணி மட்டம் பார்த்தேன்."

"அப்புறம், எழுதறதுக்கு முன்னாடி அந்தத் தளத்துல அவங்க பக்கத்துக்குப் போய்ப் பார்க்கணும். அதுல இருக்கிற எதையாவது பத்தி ஒரு வரி சொல்லணும். நம்மளை நிஜமாவே பார்த்திருக்கார்னு அவங்களுக்குத் தோணும்."

"நிஜமாவே பார்க்கலைன்னா?"

"பார்த்த மாதிரி எழுதணும்ப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு காபி கேட்டார்.

பாய்லர் வைத்திருக்கும் ஆலைக்காரர்கள் நாற்பத்திரண்டு பேருக்கு முதல் இரண்டு மெசேஜும் போயின. வந்தது ஒரே ஒரு கட்டைவிரல் படம்.

"இது என்ன சொல்றான்? வான்றானா, வேண்டாம்ன்றானா?"

"பார்த்துட்டேன்னு அர்த்தம்."

"பார்த்தவன் வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? நான் இருபத்தொம்பது வருஷம் நெருப்புல வாழ்ந்தேன்னு சொல்றேன், விரலைக் காட்டறான்."

ஞாயிற்றுக்கிழமை போனில் சண்டை முற்றிவிட்டது. மூன்றாவது மெசேஜைப் படித்துவிட்டு, "வேலை கேக்கறவன் ஏன் கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி எழுதணும்?" என்றார். "அப்பா, இனிமே நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். உங்க ஒருத்தருக்கு எழுதறதுக்கு நூறு முதலாளிக்கு எழுதிடலாம்," என்று போனை வைத்துவிட்டாள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அவள் கூப்பிடவில்லை. புதன் சாயங்காலம் அம்மாதான் கூப்பிட்டாள்.

அப்பாவிடம் இருந்தது இவளுடைய பழைய லேப்டாப். அதில் மெசேஜ் அனுப்பும் கணக்கு எப்போதும் திறந்தபடியே கிடந்தது. கூடத்தில் இடம் பண்ணுகிறேன் என்று நேற்றிரவு மேஜையைத் தள்ளும்போது மாமா வயரைப் பிடுங்கிவிட்டார். பேட்டரி எப்போதோ செத்த லேப்டாப். அணைந்து எழுந்தால் மறுபடி ஆறு எண் கேட்கும். கேட்கிறது.

"மாமா. மெசேஜ் வந்திருக்கும். படிங்க."

"இரு, இரு. கண்ணாடி. ம், நாலு. ஏழு. ஏழா இது, ஒண்ணா? கொஞ்சம் பொறு, யாரோ கூப்பிடறாங்க."

"எடுக்காதீங்க."

"துக்க வீட்டுல போனை எடுக்காம இருப்பாங்களா? ஹலோ, ஆமாங்க, நேத்து சாயங்காலம் அஞ்சே முக்கால்."

கோடு காலாவதியாகிவிட்டது. இன்னொன்று கேட்டாள். அதற்குள் அவளுடைய போன் அடித்தது. ஆபீஸ் மேடம்.

"கேள்விப்பட்டேன்மா. மனசே சரியில்ல. எத்தனை நாள் வேணாலும் லீவு எடுத்துக்கோ."

"தேங்க்ஸ் மேடம்."

"அந்த சிமென்ட்காரர் போஸ்ட் எங்க வச்சிருக்கேன்னு மட்டும் சொல்லிடு, நாங்க பார்த்துக்கறோம்."

சொன்னாள்.

"அப்புறம், தப்பா நினைச்சுக்காத. அப்பாவைப் பத்தி நீ ஒண்ணு எழுதணும். இப்ப இல்ல, மனசு ஆறினதும். அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில போட்டேன்னா நல்லாப் போகும்."

"வச்சிடறேன் மேடம். ஆள் வந்திருக்காங்க."

உண்மையாகவே ஆள் வந்திருந்தது. அறை வாசலில் உயரமான ஒருவர் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். அம்மா பின்னாலேயே வந்தாள்.

"உங்கப்பாகூட பாய்லர்ல இருந்தாரே, ரெண்டாவது ஷிஃப்ட்டு, அவர்தான். அண்ணே, கூடத்துல நெருக்கடியா இருக்கு, இங்க உக்காருங்க." அம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பிறகு மகளைப் பார்த்தாள். "இப்பக்கூட அந்தப் பொட்டியைத் தட்டணுமா?"

"அஞ்சு நிமிஷம்மா."

"நேத்து சாயங்காலம் உங்கப்பாவும் இதத்தான் சொன்னார்."

மூன்றாவது கோடுக்கு அவள் மாமாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கியே விட்டாள். "பெத்த அப்பன் கிடக்கும்போது இந்தப் பொண்ணுக்கு என்ன அவசரமோ," என்று மாமா சுவரிடம் சொன்னார். மணி பத்து பத்து.

திறந்துவிட்டது. நாற்பத்திரண்டு பெயர்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றையும் நிறுத்து என்று ஒரு பொத்தான் உண்டு. விரலை அதன்மேல் கொண்டுபோனவள் முதல் பெயருக்கு எதிரே கண்ணை வைத்தாள். அங்கே இருந்த மெசேஜ் அவள் எழுதியது இல்லை.

"ஐயா, உங்கள் ஆலை ஆண்டு விழா போட்டோ பார்த்தேன். உங்களுக்கு வலது பக்கம் பாய்லர் தெரிகிறது. தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி கறுத்திருக்கிறது. மட்டம் தெரியாது. இன்றே துடைக்கச் சொல்லவும். பம்ப் போட்டோவில் இல்லை."

இரண்டாவது: "ஐயா, பாய்லர் ரூம் வாசலில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறது. ஆள் ஓடி வர வழி வேண்டும். மற்றது சரி."

மூன்றாவது: "அம்மா, பரிசு வாங்கியதற்கு வாழ்த்து. சேஃப்டி வால்வின் குழாய் ஆள் நடக்கிற பக்கம் பார்த்திருக்கிறது. ஆவி வந்தால் முகத்தில் அடிக்கும். திருப்பி வைக்கவும்."

நெருப்போடு வாழ்ந்ததைக் காணோம். கடைசிக் கடிதத்தையும் காணோம். வேலை கேட்டு ஒரு சொல் இல்லை. கீழே பெயரும் போன் நம்பரும் மட்டும்.

"அம்மா, இதெல்லாம் எப்ப எழுதினார்?"

"திங்கக்கிழமையிலேர்ந்து அதேதான். ஒவ்வொரு ஆளோட போட்டோவையும் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பார்ப்பார். 'பார்த்துட்டு எழுதணும்னு அவ சொல்லியிருக்கா'ன்னார். ஒத்தை விரல்ல ஒரு நாளைக்கு நாலு பேர், அஞ்சு பேர். 'அவகிட்ட சொல்லாத, திட்டுவா'ன்னார்."

"நான் ஏன் திட்டப்போறேன்?"

அம்மா கூடத்துக்குப் போனாள்.

பதினான்கு பேருக்கு எழுதியிருந்தார். பதினைந்தாவதிலிருந்து அவளுடைய கடைசிக் கடிதம் அப்படியே வரிசையாக நின்றது. பதினான்காவது பாதியில் இருந்தது. "ஐயா, நீங்கள் ரிப்பன் வெட்டும் போட்டோ பார்த்தேன். பின்னால் தெரியும் வால்வின்." அவ்வளவுதான். கடைசியாகத் திருத்திய நேரம், நேற்று மாலை 5:38 என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. அதை அவள் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

இருபத்தெட்டு பேருக்குப் போக இருந்ததை முதலில் நிறுத்தினாள். மிச்சம் பதினான்கு.

"அங்கிள், இதக் கொஞ்சம் பார்க்கறீங்களா?"

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். உதடு அசையப் படித்தார். மூன்றாவதில் நின்றார்.

"ஷிஃப்ட்டு நோட்டுல எழுதற மாதிரியே எழுதியிருக்கான்."

"அப்படின்னா?"

"ஷிஃப்ட்டு முடிஞ்சு போறவன் நோட்டுல எழுதிட்டுப் போகணும்மா. எது சரி, எது சரியில்ல, வர்ற ஆள் எதப் பார்க்கணும்னு. இருபது வருஷத்துல நானும் உங்கப்பனும் பேசினது மொத்தமே ரெண்டு நாள் இருக்காது. அவன் வெளிய வருவான், நான் உள்ள போவேன். மிச்சமெல்லாம் நோட்டுலதான்." இன்னும் கொஞ்சம் படித்தார். "சும்மா இருக்க மாட்டானே இவன். ஊரான் வீட்டு பாய்லருக்கெல்லாம் நோட்டு எழுதியிருக்கான்."

"நீங்களே சொல்லுங்க. பத்தரைக்கு இது தானாப் போயிடும். நிறுத்தணும்னா இப்ப நிறுத்தணும். இறந்துபோனவர் பேர்ல மெசேஜ் போனா நல்லாவா இருக்கும்?"

"நல்லாருக்காது," என்றார் மாமா, கேட்காமலேயே.

"அவன் சொல்லியிருக்கிறது தப்பில்லையேம்மா," என்றார் அவர்.

"யாராவது திரும்பக் கூப்பிட்டா? இத்தனை நாளா ஒருத்தரும் பதில் போடல. இன்னிக்குப் பார்த்துப் போடுவாங்க. கூப்பிட்டா இந்த போனை மாமா எடுப்பார். எடுத்து அஞ்சே முக்கால்னு ஆரம்பிப்பார்."

மாமாவுக்குச் சுருக்கென்றது. "நான் பண்றதெல்லாம் உனக்குக் கேலியாப் போச்சு, இல்ல?"

"கேலி இல்ல மாமா. எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல."

அதை அவள் சத்தமாகச் சொன்னது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என் நம்பரைப் போடு," என்றார் ரெண்டாவது ஷிஃப்ட்டு.

"அங்கிள், இது வேலை கேக்கற மெசேஜே இல்ல."

"நானும் வேலைக்காகச் சொல்லல. யாராவது திரும்பக் கேட்டா, எந்தப் பக்கம் திருப்பறது, எந்தத் துணியில துடைக்கறதுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல? போடு."

அவர் ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் அப்பாவின் நம்பரை அழித்து அழித்து இதைப் போட்டாள். பெயரை அப்படியே விட்டாள். பதின்மூன்று பேர். மாமா பக்கத்தில் வந்து நின்றார். கையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. மணி பத்து இருபத்தாறு.

"இந்தப் பதினாலாவது ஆளுக்கு என்ன சொல்ல வந்தார்னு தெரியலையே அங்கிள்."

போட்டோவைப் பெரிதாக்கினாள். கோட்டு போட்ட ஒருவர் கத்தரிக்கோலோடு சிரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் கைதட்டுகிறவர்கள். யாருடைய வாக்கியத்தையும் முடித்துக்கொடுக்கிறவள் அவள், அதற்குத்தான் சம்பளம். வால்வின். வால்வின் என்ன? எத்தனை தரம் பார்த்தாலும் அந்த ஆளின் சிரிப்புதான் தெரிந்தது.

"ஆளை விடும்மா. இந்தத் தோளுக்குப் பின்னாடி. ஆங், இன்னும் பெருசு பண்ணு." அவர் திரையில் விரலை வைத்தார். "அடப்பாவி. லிவரைக் கம்பியால கட்டி வச்சிருக்கான் பாரு. அடிக்கடி தொறந்துக்குதுன்னு கட்டிட்டானுங்க."

"கட்டினா என்ன?"

"ஆவிக்கு வெளிய போக வழி கிடையாது."

அவள் லேப்டாப்பைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லுங்க. நீங்க சொல்றபடியே அடிக்கறேன்."

"பின்னால் தெரியும் வால்வின் லிவர் கம்பியால் கட்டியிருக்கிறது. பாய்லரை ஆற விட்டு, கம்பியை அவிழ்க்கவும்."

"தயவுசெய்துன்னு ஒண்ணு போடட்டுமா?"

"நோட்டுல அதெல்லாம் எழுத மாட்டோம்மா."

அடித்ததை அழித்தாள். வாசலில் வண்டி பின்பக்கமாக வரும் சத்தம் கேட்டது. யாரோ வழி சொன்னார்கள். வா, வா, இன்னும் கொஞ்சம், போதும். அம்மா அறை வாசலுக்கு வந்து நின்றாள். கூப்பிடவில்லை.

"அப்புறம்?"

"அவிழ்த்தபின் ஒரு தரம் தானாகத் திறக்கிறதா என்று பார்க்கவும். மற்றது தெரியவில்லை."

"முடிச்சிடலாமா? கடைசியில என்ன எழுதுவீங்க?"

"ஒண்ணும் எழுத மாட்டோம். ஒப்படைச்ச நேரத்தைப் போடுவோம்."

திரையின் மூலையைப் பார்த்துவிட்டு, 10.29 என்று அடித்தாள்.