அகலமான கயாக்

என் கணவன் டென்சிலுக்குப் பக்கவாதம் வந்து பதினோரு மாதம் ஆகியிருந்தது. நடக்கிறான், பேசுகிறான், என் சமையலைக் குறை சொல்லவும் ஆரம்பித்துவிட்டான். இடது கைதான் பிடி கொடுக்க மறுக்கிறது. ஏப்ரல் பிறந்ததும், நன்கு நிலையாக நிற்கிற கயாக் ஒன்று வாங்கிக் கடலுக்குப் போயே ஆகவேண்டும் என்று நின்றான். ஒருவர் மட்டும் உட்கார்ந்து துடுப்புப் போடும் அந்தச் சின்னப் படகில், ஆளுக்கொன்றாக அருகருகே போய்ப் பத்தொன்பது வருடம் மீன் பிடித்தவர்கள் நாங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அவனைவிட எனக்குத்தான் ஆசை அதிகம்.

கயாக் விற்கிற ஜேகோ எங்கள் கரைக்கே மூன்றைக் கொண்டுவந்து இறக்கினார். முதலாவது ஒல்லி. டென்சில் உட்கார்ந்த வேகத்தில் தண்ணீரில் கிடந்தான். எழுந்து, வாயிலிருந்த உப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு, "இது உங்கம்மா மாதிரி, கெரென்சா. என்னை உக்காரவே விடமாட்டேங்குது" என்றான். இரண்டாவது சுமார் அகலம். அலை வரும்போது இடுப்பை வளைத்துச் சமாளித்தால் நிற்கும். அவனுடைய இடது பக்கம் அரை நொடி பிந்தியே எழுந்தது.

மூன்றாவது, மூன்றடி அகலம். ஏறி உட்கார்ந்தான். அலை வந்தது, போனது, கயாக் அசைந்து கொடுக்கவில்லை. இடது கையைத் துடுப்போடு வாரால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று போய் வந்தான். எழுந்துகூட நின்றான். நின்றுகொண்டு சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பதினோரு மாதம் ஆகிவிட்டது எனக்கு. இதுதான், இதையே எடுத்துக்கொள்வோம் என்று கத்தினேன். ஜேகோ என்னையே பார்த்தார்.

அவர் பார்த்ததற்குக் காரணம் உண்டு. மீன்பிடிப்பு தொடங்கும் முன் எங்கள் கரையில் ஒவ்வொருவரும் தன் ஜோடிக்கு, அதாவது கூடவே கடலுக்குப் போகிறவருக்கு, முன்னால், கால் எட்டாத ஆழத்தில், கயாக்கை வேண்டுமென்றே கவிழ்க்க வேண்டும். தானே நிமிர்த்தித் தானே ஏற வேண்டும். ஜோடி தன் கயாக்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கை கொடுத்தால், கை வாங்கியவருக்கு அந்த வருடம் கடல் கிடையாது. நடுக்கடலில் அலை இருவரையும் பிரித்துப் போட்டால், யாருக்கு யார் கை கொடுப்பது?

அந்த மூன்றாவதில் டென்சிலும் என் கயாக்கில் நானுமாக ஆழத்துக்குப் போனோம். இதெல்லாம் எங்கே கவிழப்போகிறது என்று இழுத்தான். கவிழ்த்துக் காட்டு என்றேன். முழு எடையையும் ஒரு பக்கம் போட்டுத் தொங்கித்தான் கவிழ்க்க முடிந்தது.

கவிழ்ந்த கயாக் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு சப்பென்று கிடந்தது. நேராக இருக்கும்போது அசையாதது தலைகீழாகக் கிடந்தாலும் அசையாது. எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதன் மேல் படுத்து, அந்தப் பக்கத்துக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். வலது கை இழுத்தது. இடது கை வழுக்கியது. முதல் தடவை பாதிவரை எழும்பித் திரும்ப விழுந்தது. இரண்டாம் தடவை அதுகூட இல்லை. மூன்றாம் தடவை அவன் இழுக்கவே இல்லை. கன்னத்தை வைத்து அப்படியே படுத்துக் கிடந்தான். குளிரில் உதடு நீலமாகிவிட்டது.

யாருக்குத் தெரியப்போகிறது? ஜேகோ எங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டார். லேசாக ஒரு நெம்பு நெம்பினால் போதும், நாளைக்கே முனையைத் தாண்டிக் கானாங்கெளுத்தி பிடிக்கப் போய்விடலாம். என் துடுப்பின் நுனியை மெல்லக் கயாக்கின் விளிம்புக்கு அடியில் கொடுத்தேன்.

அவன் பார்த்துவிட்டான்.

"துடுப்ப எடு, கெரென்சா."

எடுத்தேன். கன்னத்தை எடுத்துத் தலையை நிமிர்த்தினான். பிறகு, கரையில் நிற்கும் ஜேகோவுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்: "கை குடு."

பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அவன் வாயிலிருந்து வராத சொல். கொடுத்தேன். அவன் கயாக்கை நிமிர்த்தி, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவனை ஏற்றி உட்கார வைத்தேன். நான் அழுதேன். அவன் அழவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவன், "இனிமே உனக்கு ஜோடி யாரு?" என்று கேட்டான்.

"எவனும் வேணாம்."

"ஜேகோகூடப் போ. ஓயாமப் பேசுவாரு, பொறுத்துக்கோ."

கயாக்கைக் கரைப் பக்கம் திருப்பினேன். கரை ஐம்பது கெஜம்கூட இருக்காது. அவ்வளவு தூரம்தான் எங்களுக்கு மிச்சம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் மெதுவாகத்தான் துடுப்புப் போட்டேன். அவன் என்னைவிட மெதுவாகப் போட்டான்.