வியர்க்காத உடம்பு

பெயிண்டர் வேலை பார்த்த புருஷனைக் கீழே முடிதிருத்தும் கடைக்குக் கூட்டிப்போய் முடி வெட்டிவிட வேண்டும். அந்தச் சனி ஞாயிறுக்கு அவள் போட்டிருந்த திட்டம் அவ்வளவுதான். சாரத்திலிருந்து விழுந்து கழுத்தெலும்பு முறிந்து, கழுத்துக்குக் கீழே உடம்பு செயலற்றுப் போனதிலிருந்து அவன் நாலாவது மாடியை விட்டு இறங்கவில்லை. முடியை அவளே ஒப்பேற்றிவிடுவாள். கண்ணாடியைக் காட்டினால் எலி கடித்த மாதிரி இருக்கிறது என்பான். நாலு பேர் பார்க்கும்படி சக்கர நாற்காலியில் போவதா என்று பிடிவாதமாக இருந்தவன், வெள்ளிக்கிழமை என்ன நினைத்தானோ, சரி என்று சொல்லிவிட்டான். சலவைக் கடையில் ஊரார் துணியையெல்லாம் தேய்க்கிறவள், அன்றைக்கு அவன் சட்டையையும் தேய்த்துக் கொண்டுவந்து கதவில் மாட்டிவைத்தாள்.

சனிக்கிழமை காலையில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. வெயில் அப்படி. மின்விசிறி நின்றது, லிஃப்ட் நின்றது, தண்ணீர் மோட்டார் நின்றது. படுக்கைப் புண் வராமல் இருக்க அவன் படுத்திருந்த காற்று மெத்தையும் புஸ்ஸென்று இறங்கி, கட்டில் பலகையோடு ஒட்டிக்கொண்டது. மின்சார ஆபீசுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

கழுத்துக்குக் கீழே அவனுக்கு வியர்க்காது. உள்ளே போன சூட்டுக்கு வெளியே வர வழி தெரியாது, வெயில் காலத்தில் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் துண்டை நனைத்து நனைத்துப் போர்த்தினாள், செய்தித்தாளை மடித்து விசிறினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்த அந்த அறை அடுப்பில் வைத்த பானை மாதிரி கொதித்தது. உச்சி வேளைக்குள் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அவன் முகம் மட்டும் செக்கச்செவேலென்று ஆகியிருந்தது. கண்ணைத் திறக்காமலே, "அந்தப் பக்கச் சுவத்துக்கு ரெண்டாவது கோட் அடிச்சாச்சா?" என்று கேட்டான்.

அவன் பிதற்றுகிறான் என்று புரிந்தது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள். ஊர் முழுக்க வெயிலில் விழுந்து கிடக்கிறார்கள், வருவோம், ஆனால் நேரமாகும் என்றார்கள். காலி வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றபோது, இதோடு முடிந்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. அவனுக்கும் விடுதலை, எனக்கும் விடுதலை. நினைப்பு வந்ததுமே வாளியை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினாள்.

மூன்றாவது மாடியில் இருந்தவர் ரிட்டையரான பஸ் கண்டக்டர். வாய் ஓயாது என்பதால் எல்லாருக்கும் அவர் ரேடியோ. அவள் துணி காயப்போட்டுத் தண்ணீர் சொட்டுகிறது என்று எப்போதோ வந்த சண்டையில் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்தது. கதவைத் தட்டி, "அண்ணே, அவரைக் கீழ தூக்கணும்" என்றாள். ரேடியோ அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையைக்கூடப் போடாமல் கீழே போய், கரண்ட் இல்லாமல் இருண்டு கிடந்த தன் கடை வாசலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த முடிதிருத்துபவரைக் கையோடு இழுத்துவந்தார். ரேடியோவின் பெண்டாட்டியும் பின்னாலேயே வந்தாள்.

கெட்டிப் போர்வை ஒன்றில் அவனைக் கிடத்தி, மூலைக்கு ஒருவராகப் பிடித்துத் தூக்கினார்கள். படி குறுகல். திருப்பத்தில் போர்வையைச் சாய்க்க வேண்டியிருந்தது. அங்கேதான் அவனுக்குக் கொஞ்சம் நினைவு வந்தது. மேலே குனிந்திருந்த முகங்களைப் பார்த்தான்.

"என்னை மேலயே விட்டுடு" என்றான். "இப்படிப் பொணம் மாதிரி தூக்கிட்டுப் போக வேண்டாம். விட்டுடு."

"விட மாட்டேன். பேசாம வாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, வியர்த்த கையிலிருந்து அவள் பக்கத்து மூலை நழுவியது. அவன் இடுப்பு படி விளிம்பில் மோதிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவனுக்குத்தான் வலிக்கவில்லை. அவள் மூலையை மணிக்கட்டில் சுற்றி இறுக்கிக்கொண்டு மறுபடி தூக்கினாள்.

கீழே வண்டி நிறுத்துமிடத்தின் சிமெண்ட் தரை சில்லென்று இருந்தது. நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து கயிறு கட்டி வாளியில் மொண்டு, அவன் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ரேடியோவின் பெண்டாட்டி அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கை வலிக்க விசிறினாள். ஆம்புலன்ஸ் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவன் அவளை அடையாளம் கண்டு, தாகமாக இருக்கிறது என்றான்.

உயிர் பிழைத்தான். ஆனால் இடுப்பில் அடிபட்ட இடம் கறுத்துப் பெரிய புண்ணாகி, மழைக்காலம் வரைக்கும் ஆறவில்லை. கரண்ட் ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டதாம். அவர்கள் திரும்பி அந்த வீட்டுக்குப் போகவில்லை. சலவைக் கடைக்காரர் கடைக்குப் பின்னால் துணி மூட்டை போட்டுவைத்திருந்த தரைத்தள அறையை ஒழித்துக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரியில் முதல் சில நாள் அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது, கோபமே இல்லாமல் கேட்டான்: "நான் சொன்னப்பவே விட்டிருக்கலாம்ல?"

வாளியோடு நின்ற அந்த நிமிஷம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. "ஒரு தடவை கை நழுவிடுச்சு" என்றாள். "அதுக்கே நான் இன்னும் தூங்கல."

அவன் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான். பிறகு கஞ்சிக்கு வாயைத் திறந்தான். அவள் அடுத்த கரண்டியை ஊதி ஆற்றிக் கொடுத்தாள்.