பதினேழாம் கேள்வி

ஒரே கேள்விக்கு ஏழு பேர் ஒரே பிழையை விட்டால் அதற்குப் பெயர் காப்பி. இருபது வருடம் விடைத்தாள் திருத்திய ஜெயரட்ணம் மாஸ்டருக்கு, அதாவது எனக்கு, இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா?

2008 கார்த்திகையில் பசறைக் கணினி நிலையத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு இணையவழிப் பரீட்சை வைத்தோம். மறுவாரம் அறிக்கை திரையில் வந்தது. எந்தப் பிள்ளை எந்தக் கேள்விக்கு எதை அழுத்தியது என்று எல்லாம் இருந்தது. சரி என்றால் பச்சை, பிழை என்றால் சிவப்பு. நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையின் பட்டியலில் பதினேழாம் கேள்விக்கு ஏழு சிவப்பு.

'மண்சரிவுக்கு அறிகுறி அல்லாதது எது?' சரியான விடை, துணி காயத் தாமதமாவது. ஏழு பேரும் அழுத்தியிருந்தது, கதவுகள் இறுகிக்கொள்வது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழு பேரின் புள்ளிகளையும் ரத்துச் செய்யச் சொல்லிப் பாடசாலைக்கு அன்றே கடிதம் எழுதினேன். பிள்ளைகளை ஏற்றி வர லொறி கொடுத்தது தோட்டம். அதனால் தோட்டத்து அலுவலகமான கந்தோருக்கும் ஒரு பிரதி போனது.

மூன்றாம் நாள் பிற்பகல் அந்தப் பாடசாலை ஆசிரியை இருதயம்மா வந்துவிட்டார். கூடவே அந்த ஏழு பேரில் ஒருத்தி, நிலக்ஷனா.

"சார், இங்க இருக்கிறதே ஆறு கம்பியூட்டர். பிள்ளைங்க அஞ்சு நாளாப் பிரிஞ்சு வந்து எழுதுச்சுங்க. எப்படிங்க காப்பியடிக்கும்?"

அறிக்கையில் திகதியும் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை. ஏழு சிவப்பும் நான்கு வெவ்வேறு நாட்களில் விழுந்திருந்தன.

"பிறகேன் பிள்ளை எல்லாரும் உந்த விடையையே போட்டனீங்கள்?"

"கதவு இறுகினா மண்ணு சரியும்னா எங்க லயம் எப்பவோ சரிஞ்சிருக்கணுமே சார்," என்றாள் நிலக்ஷனா. "நாங்க ஏழு பேரும் மேல் லயம், மலைச்சரிவுல ஒட்டுவீட்டு வரிசை. அங்க எல்லாக் கதவும் அப்படித்தான். கந்தோர்ல சொன்னா ஆசாரி வர ஆறு மாசம். அதனால அப்பாவே சீவிருவாரு. ஆடியில மேல்பக்கம் சீவினாரு, தீபாவளிக்குக் கீழ்ப்பக்கம். இப்ப மறுபடியும் இறுகிருச்சு."

அடிநிலம் நகர்ந்தால்தான் நிலை கோணிக் கதவு இப்படித் திரும்பத் திரும்ப இறுகும். பிள்ளைகள் யாரையும் பார்த்து எழுதவில்லை, வீட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். உடனே தோட்டக் கந்தோருக்கு ஃபோன் எடுத்து, மேல் லயத்து ஆட்களை இன்றைக்கே கீழே இறக்கச் சொன்னேன்.

மறுமுனையில் கந்தோரின் பெரிய கிளாக்கர் சிரித்தார். "மாஸ்டர், ஒங்க கடிதம் என் மேசை மேலதான் இருக்கு. காப்பியடிச்ச விடைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அத நம்பி லயத்தக் காலி பண்ணச் சொல்லி தொரைகிட்ட நான் எப்படிங்க போய் நிக்கிறது?"

பிழை என்னுடையது என்று கத்தினேன். அப்படியென்றால் அதையும் கடிதமாக எழுதி அனுப்புங்கள் என்று சொல்லி அவர் வைத்துவிட்டார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. நிலக்ஷனா பையைத் தோளில் மாட்டினாள்.

"போகாதை பிள்ளை. இண்டைக்கு ரீச்சரோட பசறையிலயே நில்."

"இல்லைங்க சார், போகணும். அம்மாவும் தம்பியும் உள்ள இருக்காங்க. வெளிய இருந்து ஒரு ஆளு தள்ளினாத்தான் கதவு தொறக்கும்."