பெயரில்லாப் பொத்தான்கள்

கார்காலம் விடைபெறும் நாட்களுக்கென்று ஒரு கனம் உண்டு. தன் நீரையெல்லாம் பொழிந்துவிட்ட பின்னும் கொடுத்தது போதாதென்று நிற்கும் வள்ளலைப் போல வானம் தாழ்ந்து கவிந்திருக்கும். கூரை விளிம்பில் துளிகள் திரண்டு, விழுவதா வேண்டாமா என்று தயங்கி, மெல்ல விழும். சுவர்கள் குளிர்ந்திருக்கும். கொடியில் போட்ட துணி உலர மறுக்கும். பகல் எப்போது மாலையாயிற்று என்பதைக் கடிகாரம் சொன்னால்தான் உண்டு. ஊரே குரலைத் தாழ்த்திக்கொண்டு, எதற்கோ காத்திருப்பது போலத் தோன்றும்.

அத்தகைய ஒரு விடுமுறை நாளின் காலையில், தங்கை தன் அண்ணனின் வீட்டுக்கு மாடிப்படி ஏறினாள். படிகள் ஈரத்தில் வழுக்கின. மூன்றாம் மாடியில் கதவைத் திறந்த அண்ணி, மூச்சு வாங்க, நிலையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

"வாம்மா. கீழ போய் பால் வாங்கிட்டு இப்பத்தான் ஏறுனேன். உங்க அண்ணன் காலையிலேர்ந்து போனோட மல்லுக்கட்டிட்டு இருக்கார். நீயாவது வந்து விலக்கிவிடு."

அண்ணனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை. எந்த வார்டுக்கு எந்த எண் என்பது அவருக்கு நாக்கு நுனியில் நிற்கும். கைப்பேசித் திரையில் உள்ளதை அவருக்கு ஒரு இயந்திரக் குரல் வாசித்துச் சொல்லும். அதைப் பழகாத காதுக்கு ஒன்றும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டு, அவர் நிதானமாகக் கேட்பார்.

அன்று அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருந்தது இதுதான்: "படம். படம். பொத்தான். பொத்தான். பொத்தான். படம். பொத்தான்."

"கேட்டியா?" என்றார் அண்ணன். "வீடு கேட்டு விண்ணப்பம் போடலாம்னு வந்தா, தையக்கடைக்குள்ள வந்த மாதிரி ஒரே பொத்தானா இருக்கு. எது அனுப்புற பொத்தான், எது அழிக்கிற பொத்தான்னு சொல்ல மாட்டேங்குது. ரெண்டு தடவை முழுசா நிரப்பி, குத்துமதிப்பா ஒண்ணை அழுத்தினேன். ரெண்டு தடவையும் எல்லாம் போச்சு. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ, நல்லா இருக்கட்டும்!"

அந்தப் புண்ணியவான் யார் என்று தங்கைக்குத் தெரியும்.

மருத்துவமனைக்கு எதிரே நகரசபை கட்டிய குடியிருப்பில், தரைத்தள வீடுகளை உடற்குறை உள்ளவர்களுக்கென ஒதுக்கியிருந்தார்கள். விண்ணப்பம் இணையத்தில் மட்டும்தான். அன்று மாலையோடு கெடு முடிகிறது. அந்த இணையதளத்தை நகரசபைக்குச் செய்து கொடுத்தது தங்கை வேலை பார்க்கும் நிறுவனம். பொதுத்தளங்கள் யாவும் பார்வையற்றோரும் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது சட்டம். அதைச் சோதிக்க ஒரு மென்பொருள் உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் பொத்தானுக்கும் பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று அது பார்த்து மதிப்பெண் போடும். பெயர் இருக்கிறதா என்றுதான் பார்க்கும். என்ன பெயர் என்று பார்க்காது. தளத்தை ஒப்படைக்கும் கெடு நெருங்கியபோது தங்கை ஒரு சிறு நிரலை எழுதினாள். பெயரில்லாத படத்துக்கெல்லாம் 'படம்', பெயரில்லாத பொத்தானுக்கெல்லாம் 'பொத்தான்' என்று அது தானாக நிரப்பிவிட்டது. தளத்துக்கு முழு மதிப்பெண் கிடைத்தது, சான்றிதழும் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் கை தட்டினார்கள்.

"குடுங்கண்ணே, நான் நிரப்பித் தரேன். அஞ்சு நிமிஷ வேலை" என்று கை நீட்டினாள்.

"வேண்டாம்."

"ஏண்ணே?"

"போன வருஷம் காப்பீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரரை நிரப்பச் சொன்னேன். பாவம், நல்ல மனுஷன்தான். மறுநாள் படியில ஏறும்போது எதுத்தாப்புல வந்தவர் ஒருத்தர், சர்க்கரை எவ்வளவு இருக்குன்னு என்னைக் கேக்குறார். அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இனிமே என் காரியத்தை நானே எழுதுவேன்னு."

"நான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரா? உங்க தங்கச்சி!"

"அதனாலதான் வேண்டாங்கறேன்." அண்ணனின் குரல் இறங்கியது. "இதுல உங்க அண்ணியோட மருத்துவச் சான்று வைக்கணும். அதைப் பத்தி இன்னும் வீட்ல யாருக்கும் சொல்லல. சொல்ற நாளை அவ முடிவு பண்ணட்டும்."

அடுக்களையில் குழாயை மூடும் சத்தம் கேட்டது. தங்கை என்னவென்று கேட்கவில்லை. வந்த காலோடு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"காபி கூடக் குடிக்காம எங்க ஓடுறே?"

"ஆபீசுக்கு, அண்ணி. ஒரு வேலையை அரைகுறையா விட்டுட்டேன்."

அலுவலகத்தில் குழுத் தலைவர் மட்டும் இருந்தார். மதிப்பெண் பலகையில் சிவப்பு தெரிந்தால் சோறு இறங்காத மனிதர். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பச்சை சார்' என்று பெயர். தங்கை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், அந்த நிரலைப் பற்றியும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாப்பதா இருந்த மார்க் ஒரே மத்தியானத்துல நூறு ஆச்சு. எப்படி ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? கேக்காம விட்டேன். கேட்டிருந்தா பதில் வந்திருக்கும்."

"இப்பவே மாத்திடலாம் சார்."

"மாத்தலாம். முறைப்படி போனா நகரசபை ஒப்புதலுக்கு ஒரு வாரம். இன்னைக்கே வேணும்னா அவசரத் திருத்தம்தான். அதுக்கு, 'சேவை முடங்கியது'ன்னு அறிக்கை போடணும். யாருக்கு, எப்ப இருந்துன்னு எழுதணும். அதோட நகல் சான்றிதழ் குடுத்த அலுவலகத்துக்குத் தானாவே போயிடும். சான்றிதழ் போயிரும். உன் பேர்தான் அடியில இருக்கும். அடுத்த மாசம் உன்னைத்தான் மேல ஏத்துறதா பேச்சு, அதுவும் தெரியும்ல?"

"தெரியும் சார்."

"விண்ணப்பம் போடறவர் உனக்கு என்ன வேணும்?"

"அண்ணன். ஆனா இவரை மாதிரி இன்னும் எத்தனை பேர் அழிக்கிற பொத்தானை அழுத்திட்டு உக்காந்திருக்காங்கன்னு தெரியல."

அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தார். துளி ஒன்று கண்ணாடியில் கோணலாக இறங்கியது. அவருக்குள் எதற்கும் எதற்கும் இடையே வழக்கு நடந்ததோ, யார் கண்டார்.

"எழுது. பிழை இல்லாம எழுது. நாளைக்கு அதைத்தான் எல்லாரும் படிப்பாங்க."

அவள் எழுதினாள். 'பாதிக்கப்பட்டோர்' என்ற கட்டத்தில், 'திரைவாசிப்பானைச் சார்ந்திருக்கும் பார்வையற்றோர் அனைவரும்' என்றும், 'எப்போதிலிருந்து' என்ற கட்டத்தில், 'தளம் தொடங்கிய நாளிலிருந்து' என்றும் நிரப்பினாள். 'காரணம்' என்ற கட்டத்தில் மட்டும் விரல் சற்று நின்றது. 'பெயர்கள் பொய்யாக நிரப்பப்பட்டன; நிரப்பியவள் நான்' என்று எழுதி முடித்தாள். குழுத் தலைவர் படித்துவிட்டு ஒரு சொல்லும் மாற்றாமல் ஒப்புதல் கொடுத்தார்.

பின்பு அவள் ஒவ்வொன்றுக்கும் கையாலேயே பெயர் வைக்கத் தொடங்கினாள். 'விண்ணப்பத்தை அனுப்பு.' 'எழுதியவை அனைத்தையும் அழி.' 'மருத்துவச் சான்றை இணை.' 'முந்தைய பக்கம்.' ஒரு பக்கம் முடிந்ததும் திரையை அணைத்து, கண்ணை மூடிக்கொண்டு, குரலை மட்டும் நம்பி அந்தப் பக்கத்தைக் கடந்து பார்த்தாள். இரண்டு இடங்களில் வழி தவறினாள். திரும்பி வந்து திருத்தினாள். குழந்தைக்குப் பெயர் சூட்டுபவர்கள்கூட அத்தனை யோசித்திருக்க மாட்டார்கள். மதியச் சோற்றை மறந்தே போனாள். திருத்தம் தளத்தில் ஏறியபோது, கெடுவுக்குக் கொஞ்ச நேரமே இருந்தது.

அண்ணனை அழைத்து, "இப்ப ஒரு தடவை பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு வெளியே அண்ணி, நாற்காலியைப் போட்டுக் காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னையே உள்ள விடல. கையெழுத்து வேணும்னா கூப்பிடறேன்னு சொல்லிட்டார், பெரிய மந்திரி!"

உள்ளே இயந்திரக் குரல் விரைந்து ஓடுவதும் நிற்பதும் கேட்டது. வார்த்தை ஒன்றும் தெளியவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குரல் நின்றது. நெடுநேரம் நின்றாற்போலிருந்தது. கதவு திறந்தது.

"போயிடுச்சு" என்றார் அண்ணன். "விண்ணப்ப எண்ணும் வந்துடுச்சு. வீடு கிடைக்குமோ கிடைக்காதோ, அது அவங்க பாடு. ஆனா நான் கேட்டுட்டேன்."

தங்கை ஓரடி முன்னால் வந்தாள். "அண்ணே, காலையில புண்ணியவான்னு சொன்னீங்களே, அது நான்தான். மார்க்குக்காகச் செஞ்சேன். இன்னைக்கு அதை எழுதியும் குடுத்துட்டேன்."

அண்ணன் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"வேலை போயிடுமா?"

"தெரியல. மேல ஏத்த மாட்டாங்க, அது நிச்சயம்."

"காலையிலேர்ந்து அந்த ஆளை வாய் ஓயாமத் திட்டிட்டு இருக்கேன், தெரியுமா? உன் அண்ணி சாட்சி. அவ்வளவும் உனக்கா போச்சு?"

"வட்டியும் முதலுமா விழுந்திருக்கும்" என்றாள் அண்ணி. மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த கண்ணைத் தங்கை புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

வெளியே மேகம் எங்கோ ஓரிடத்தில் விலகி, சுவரில் மெல்லிய வெளிச்சம் படர்ந்தது. அண்ணன் சன்னல் பக்கம் முகம் வைத்துக் கை கூப்பினார். தாழ்ந்த குரலில் ஒரு துதியைத் தொடங்கினார். வேண்டுதல் ஏதும் இல்லாத துதி, நீ இருக்கிறாய் என்று மட்டும் சொல்வது. இரண்டாம் அடியில் அண்ணி சேர்ந்துகொண்டாள். தங்கை கண்களை மூடி, கூப்பிய கரங்களோடு அவர்களருகே நின்றாள்.

துதி முடிந்ததும் அண்ணனின் கை தடவி வந்து அவள் உச்சியில் அமர்ந்தது.

"நீ செய்யுற வேலை நாலு பேருக்கு வழியா இருக்கட்டும். நல்லா இரும்மா."