றமேஸின் தோளில் கிடந்த கை

புட்டை அவித்து இறக்கும் நேரத்தில்தான் அந்தப் போன் வந்தது. பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில் இருந்து ஒரு நேர்ஸ் மிஸ் கதைத்தாள். தன்மையான குரல். அந்தத் தன்மைதான் முதலில் என்னைப் பயப்படுத்தியது.

"ஞானமணிதானே? உங்கட ரிப்போட் வந்திட்டுது. பின்னேரம் டொக்டர் இருப்பார். வரேக்க வீட்டாக்கள் ஒராளையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

"ஏன் மிஸ், ஏதும் பிரச்சினையோ?"

"அதை டொக்டர்தான் சொல்லுவார். தனிய மட்டும் வராதேங்கோ, என்ன."

போனை வைத்துவிட்டாள். நல்ல செய்தி சொல்லுவதற்கு யாராவது துணைக்கு ஆள் கேட்பார்களா? குளிக்கும்போது இடது மார்பில் தட்டுப்பட்ட கட்டி அது. ஊசி போட்டு அதில் கொஞ்சம் சதை எடுத்துப் போனவர்கள், "பயப்பிட ஒண்டுமில்லை" என்று அன்றைக்குச் சொன்னார்கள். இன்றைக்கு அதைச் சொல்லவில்லை.

துணைக்கு நான் யாரைக் கூட்டிக்கொண்டு போக? கட்டின மனிசன் கட்டாரில் லொறி ஓடுகிறார். மகளுக்கு ஏ.எல். சோதனை நடக்கிறது, அவளிடம் கட்டி என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. புட்டைக் கட்டிக் கொடுத்து, "வடிவா வாசிச்சுப் போட்டு எழுதடி" என்று அனுப்பிவிட்டு, குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சேலையை உடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். வீட்டில் தனியே இருந்தால் விசர்தான் பிடிக்கும்.

அன்றைக்கென்று பார்த்து ஒபிசில் குரூப் போட்டோ.

எங்களுடையது கப்பல் சாமான் இறக்கிக் கொடுக்கிற கொம்பனியின் கிளை, துறைமுக வீதியில் மாடி வீடு ஒன்றில் இருக்கிறது. வருஷா வருஷம் கொழும்புத் தலைமை ஒபிஸ் கலண்டர் அடிக்கும். மாதத்துக்கு ஒரு கிளையின் படம். அடுத்த வருஷம் எங்களுக்கு ஒக்டோபர் என்று மனேஜர் ஹிஸ்புல்லா சேர் பெருமையாகச் சொன்னபோது, எனக்கு ஒன்றுதான் தோன்றியது. ஒக்டோபரில் நான் எங்கே இருப்பேன்?

"இந்த முறையாவது நல்ல படமா இரிக்கணும்," என்றார் சேர். அவர் மூதூர்க்காரர், வாயைத் திறந்தால் மூடமாட்டார். "போன முறைப் படத்தைப் பார்த்துப்போட்டு கொழும்பில இருந்து கேட்டானுகள், உங்கட கிளையில ஆரும் உயிரோட இரிக்காங்களா எண்டு."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் யன்னல் பக்கம் போனது.

யன்னலுக்கு நேர் எதிரே, வீதிக்கு அந்தப் பக்கம், லைட் போஸ்டில் றமேஸ் தொங்கிக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலிப் பனர். எங்கள் கணக்காளர் அவர், தைப்பொங்கல் முடிந்த கையோடு நெஞ்சு நோகுது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்பி வரவில்லை. பனர் அடிக்க நல்ல படம் தேடினார்கள். இருந்த நல்ல படம் போன வருஷத்துக் குரூப் போட்டோதான். எங்கள் ஆட்களில் இது வழக்கமாகிவிட்டது. ஸ்டூடியோவுக்குப் போய்த் தனியாகப் படம் எடுக்கிற காலம் போய்விட்டது, யார் செத்தாலும் கலியாண வீட்டிலோ ஒபிசிலோ எடுத்த படத்தில் இருந்துதான் முகத்தை வெட்டி எடுக்கிறார்கள்.

வெட்டினார்களே, ஒழுங்காக வெட்டினார்களா? றமேஸின் தோளில் ஒரு கை அப்படியே கிடக்கிறது. மணிக்கட்டோடு வெட்டுப்பட்ட கை. பச்சைக் கல் மோதிரம் போட்ட கை. அது என்னுடைய கை.

அந்தப் படம் எடுக்கும்போது நான் அவருக்குப் பின்னால் நின்றேன். "சிரியுங்கோவன் அண்ணை, காசா கேக்கினம்?" என்று தோளில் தட்டினேன், அந்த நேரம் பார்த்துப் படம் விழுந்துவிட்டது. பத்து மாதமாக ஒவ்வொரு காலையிலும் என் கை ஒரு செத்த மனிதரின் தோளில் கிடப்பதைப் பார்த்துக்கொண்டுதான் நான் படி ஏறுகிறேன். மழையில் றமேஸின் முகம் வெளிறிப்போனது. மோதிரத்தின் பச்சை மட்டும் போகவில்லை. கட்டி தட்டுப்பட்ட நாளில் இருந்து எனக்கு ஒரே எண்ணம். அந்தக் கை போன இடத்துக்கு மிச்ச உடம்பும் போகப்போகிறது. பைத்தியக்கார எண்ணம் என்று எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, பயம் கேட்குமா?

பனரைச் செய்தது எங்கள் பஹ்மி. பகலில் எங்களோடு வேலை, பின்னேரத்தில் அச்சகம் ஒன்றில் பனர் வேலை. பத்து மாதமாக நான் அவனோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஏன் என்று அவனுக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

மழை விட்ட இடைவெளியில் எல்லோரையும் கீழே முற்றத்துக்கு இறக்கினான் பஹ்மி. கடலைப் பின்னுக்கு வைத்து எடுத்தால் வடிவுதான், ஆனால் அந்தப் பக்கம் கடற்படை முகாம், கமராவைத் திருப்பினால் நேவிக்காரர் வந்து விசாரிப்பார்கள். அதனால் மஞ்சள் மதிலுக்கு முன்னால் கதிரைகளைப் போட்டோம். சேர் நடுவில் இருந்தார். சாரதி முத்தன் அண்ணை, சேர்ட் பொத்தானைக் கழுத்து வரைக்கும் பூட்டிக்கொண்டு பொம்மை மாதிரி நின்றார்.

"முத்தன் அண்ணை, மூச்சை விடுங்க," என்றான் பஹ்மி. "கண்ணை இப்ப மூடுங்க. நான் சொன்னோடன திறங்க. அப்பதான் ஒருத்தருக்கும் கண் மூடாது. உயரமான ஆக்கள் பின்னுக்கு. தோளோட தோள் முட்டணும், இடைவெளி விட்டா படம் ஓட்டை ஓட்டையாத் தெரியும்."

நான் போய் வரிசையின் ஓரத்தில் நின்றேன். ஓரம் என்றால் தள்ளித்தான். எனக்கும் பக்கத்தில் நின்ற ஜுமானாவுக்கும் இடையில் ஒரு ஆள் புகுந்து போகலாம். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"ஞானமணி அக்கா, கொஞ்சம் உள்ளுக்கு வாங்க."

"இவ்வளவு காணும்."

"அக்கா, நீங்க வேற ஒபிஸ் மாதிரி நிக்கிறீங்க. கிட்ட வாங்க."

"ஏலாது எண்டு சொல்லுறன், உனக்குக் காது கேக்காதோ?"

ஜுமானா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கிண்ணியாப் பிள்ளை, என் மேசைக்கு அடுத்த மேசை. மத்தியானச் சாப்பாட்டை என்னோடு பங்கு போடாமல் சாப்பிடமாட்டாள். "என்னக்கா செய்யுது? முகமெல்லாம் வெளுத்துப்போய் இரிக்கு," என்று என் கையைப் பிடிக்க வந்தாள். நான் தட்டிவிட்டேன்.

"ஞானமணி, மழை வரப்போகுது," என்றார் சேர். "உங்களால படம் கெட்டுப்போகப்போகுது. ஏன் அங்க போய் நிக்கிறீங்க?"

அதோடு என் பொறுமை அறுந்துவிட்டது.

"வெட்ட லேசா இருக்கட்டும் எண்டுதான் நிக்கிறன்!" என்று கத்தினேன். "என்னை வெட்டேக்க வேற ஆரின்ரையும் கை கால் என்னோட வரக்கூடாது. அங்க பாருங்கோ, அந்தப் போஸ்டில. அது என்ர கை. ஒருத்தருக்கும் தெரியேல்லையோ? பத்து மாசமா என்ர கையைச் செத்த ஆளோட கட்டித் தொங்க விட்டிருக்கிறான் இந்த மூதேவி. ஒழுங்கா வெட்டத் தெரியாட்டி ஏன்டா அந்த வேலைக்குப் போறாய்?"

முத்தன் அண்ணை கண்ணைத் திறக்கச் சொல்லாததால் இன்னும் மூடிக்கொண்டே நின்றார். எனக்கு நாக்கு அடங்கவில்லை. மார்பில் கட்டி என்றதையும், காலையில் வந்த போனையும், ஆளைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னதையும், எல்லாவற்றையும் கொட்டினேன். மனிசனுக்கே சொல்லாததை மஞ்சள் மதிலுக்கு முன்னால் நின்று ஒபிஸ் முழுக்கச் சொன்னேன். அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் போல இருந்தது.

பஹ்மி கமராவை விட்டுவிட்டு வந்தான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"அக்கா, நான் ஒழுங்கா வெட்டித்தான் வச்சிருந்தன்," என்றான். "கை இல்லாமத்தான் முதல் செஞ்சன். றமேஸ் அண்ணாட மனிசி அச்சகத்துக்கு வந்து பார்த்தாங்க. கனநேரம் பார்த்துப்போட்டு, இது அவர் தனியப் போற மாதிரி இருக்கு தம்பி, ஏலாது எண்டாங்க. முதல் படத்தைக் காட்டச் சொன்னாங்க. பார்த்துப்போட்டு அந்தக் கையை விடச் சொன்னாங்க. நான் சொன்னன், பார்க்க வடிவில்ல எண்டு. பரவாயில்ல, அந்தக் கை அவரோட இருக்கட்டும் எண்டு அழுதாங்க."

"எனக்கேன்டா சொல்லேல்லை?"

"நீங்கதான் என்னோட கதைக்கிறல்லயே."

நான் வீதியைப் பார்த்தேன். லைட் போஸ்டில் றமேஸ் இருந்தார். இவ்வளவு நாளும் நான் அந்தக் கையை மட்டும்தான் பார்த்தேன், அவருடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு படத்துக்கும் சிரிக்காத மனிதர், நான் தட்டியதில் சிரித்திருக்கிறார். ஐயோ அண்ணை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது அப்படியே இருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் நிற்கத்தான் என்னால் முடியவில்லை. இரண்டு எட்டு வைத்து உள்ளே போனேன். ஜுமானாவின் கையை எடுத்து என் தோளில் நானே போட்டேன்.

"இறுக்கிப் பிடியடி," என்றேன். "விட்டியெண்டால் தெரியும்."

அவள் பிடித்தாள். சேர் கதிரையை என் பக்கமாக இழுத்துக்கொண்டு வந்தார். பஹ்மி கமராவின் டைமரைப் போட்டுவிட்டு ஓடி வந்து எனக்கு மற்றப் பக்கத்தில் இடித்துக்கொண்டு நின்றான். கமராவின் சிவப்பு லைட் மினுங்கி மினுங்கி வேகம் பிடித்தது.

"முத்தன் அண்ணை, கண்ணைத் திறங்க!"

படம் விழுந்தது. மழையும் விழுந்தது. மேலே ஓடிப்போய்ப் பார்த்தோம். நல்ல படம் என்று சொல்ல ஏலாது. வரிசை எல்லாம் ஒரு பக்கம் சரிந்து, சேரின் கதிரை கோணலாகி, ஜுமானா கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முத்தன் அண்ணையின் கண் மட்டும் நன்றாகத் திறந்திருந்தது, பேயைக் கண்டவர் மாதிரி.

"கொழும்பு இதையும் திருப்பி அனுப்பும்," என்றார் சேர். "அனுப்பட்டும். முத்தன், வேனை எடுங்க. ஞானமணியைக் கொண்டுபோய் விடணும்."

பின்னேரம் கிளினிக்கில், சுவரோரம் போட்ட நீள வாங்கில், கூட வந்த ஜுமானாவும் நானும் இருந்தோம். பெயர் கூப்பிடக் கூப்பிட ஆட்கள் உள்ளே போனார்கள். சிலர் கெதியாக வந்தார்கள், சிலர் வரக் கனநேரம் எடுத்தது. கெதியாக வந்தால் நல்லதா, கெட்டதா என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இப்போது சோதனை எழுதி முடித்திருப்பாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அவளுக்கு என்ன முகத்தைக் காட்டுவது என்று நினைத்தேன். மேலே நினைக்கப் பயந்து சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தேன்.

"ஞானமணி!"

எழும்பினேன். ஜுமானாவும் எழும்பி என் தோளில் கையைப் போட்டாள். கதவடியில் காலையில் போனில் கதைத்த அந்தத் தன்மையான குரல்காரி நின்றாள். அபாயா போட்ட இவளையும் பொட்டு வைத்த என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வீட்டாக்கள்தானே வேணும். நீங்கள் இவவுக்கு ஆர்?"

ஜுமானா என்ன சொல்லப்போகிறாளோ, அவளை வெளியே நிறுத்திவிடுவார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். அவள் யோசிக்கவில்லை. என் தோளில் போட்ட கையை எடுக்கவும் இல்லை.

"நான் இவங்களுக்குப் பக்கத்தில நிக்கிற ஆள், மிஸ்," என்றாள்.

மிஸ் கதவை இரண்டு பேர் போகக்கூடிய மாதிரி அகலத் திறந்து பிடித்தாள்.