என்னிடம் சொல்லாமல் பிறந்தவள்

...ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என் மகள் யென், நேற்றுச் சாயங்காலம்கூட ஃபோனில் புளிப்பு மாங்காய் வேண்டும் என்று கொஞ்சினாளே, அப்போதே துணிப்பையெல்லாம் கட்டி வைத்திருப்பாள், இல்லையா... ஊசியைச் செலுத்துகிறேன், இழுக்கிறேன், முடிச்சுப் போடுகிறேன், கை அதுபாட்டுக்கு வேலை செய்கிறது. மேசைமேல் படுத்திருக்கும் தையல் ஆலைப் பெண்ணுக்கு இது தலைச்சன், குழந்தை அவள் மார்பின்மேல் கிடக்கிறது, கீழே கொஞ்சம் கிழிந்துவிட்டது, அதைத்தான் தைத்துக்கொண்டிருக்கிறேன். பாதித் தையலில்தான் லுவா உள்ளே வந்தாள், என்னோடு இந்தப் பிரசவ அறையில் வேலை பார்க்கிற மருத்துவச்சி, "அக்கா, பாட்டியாயிட்டீங்க, எங்ககிட்டகூடச் சொல்லல பாத்தீங்களா" என்று ஃபோனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். சம்பந்தியம்மாள் போட்ட படம். துணியில் சுருட்டிய ஒரு சிவந்த முகம், டிராகன் என்னும் நல்ல நேரத்தில் பிறந்த எங்கள் பேத்தி என்று கீழே எழுத்து, இதயம் இதயமாக... நான் சிரித்தேன். எல்லாம் தெரிந்தவள் மாதிரி சிரித்தே விட்டேன். வேறென்ன செய்வது, மகளைப் பெற்றவளுக்கே தெரியாது என்று லுவாவிடம் சொல்வதா?

யென் அடுத்த வாரம் இங்கே வருவாள், அவள் பிள்ளையை என் கையால் வாங்குவேன், இதுதானே பேச்சு? பச்சைப் பப்பாளியோடு கொதிக்கவைத்துக் கொடுத்தால் பால் சுரக்கும் என்று பன்றிக்கால் வாங்கிக் குளிர்பெட்டியில் போட்டிருக்கிறேன். சந்தையில் நண்டு விற்பவளின் மகன் ராத்திரி அழாமல் தூங்குவானே, அவனுடைய பழைய சட்டையைக் கேட்டு வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, அந்தக் குணம் நம் குழந்தைக்கும் ஒட்டட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறேன், பைத்தியக்காரி. அவளோ நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் நேரம் குறித்து வயிற்றைக் கிழித்துக்கொண்டு கிடக்கிறாள். ஜோசியர் சொன்ன நேரத்துக்காக அறுத்துக்கொள்ளாதீர்கள், பிள்ளை வரவேண்டிய நேரத்தில் வரும் என்று கர்ப்பிணிகள் வகுப்பில் கத்திக் கத்தி என் தொண்டை வறண்டதுதான் மிச்சம், முன்வரிசையில் உட்கார்ந்து இவளும் தலையாட்டினாள், எவ்வளவு அழகாக ஆட்டினாள்... எல்லாம் அந்தச் சம்பந்தியம்மாள் வேலை, நீங்க இருக்கறப்ப எங்களுக்கு என்ன கவலை என்று தேனாய்ப் பேசினாளே, அந்த வாய்தான் இவள் காதிலும் ஓதியிருக்கும். ரொம்பக் கிழிஞ்சிருக்கா அத்தை, என்று மேசைமேல் இருப்பவள் கேட்கிறாள். இல்லைம்மா, கொஞ்சம்தான், ஆறிவிடும் என்கிறேன்.

கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நடைவழிக்கு வந்து ஃபோன் போட்டேன். மருமகன் எடுத்தான், அம்மா அம்மா என்று திணறினான், அவளிடமே கொடுத்துவிட்டு நழுவிவிட்டான். "மாமியார் சொன்னா பெத்தவகிட்டயே மறைப்பியாடி" என்றேன். களைத்துப்போன குரலில், "அவங்க மேல ஒண்ணும் இல்லம்மா. ஜோசியர்கிட்ட நேரம் கேக்கலாம்னு சொன்னதே நான்தான். அறுத்துக்கறதுக்கு ஒரு சாக்கு வேணுமில்ல" என்றாள். எதற்கடி, நான்தான் இருந்தேனே என்று கேட்கும்போது என் குரல் உடைந்துவிட்டது, எனக்கே வெட்கமாக இருந்தது. "நீ இருந்ததாலதாம்மா. ராத்திரி சோறு திங்கறப்பல்லாம் நீ அப்பாகிட்டச் சொல்லுவ, இன்னைக்கு ஒருத்திக்கு ரத்தம் நிக்கல, ஒரு கொழந்தைக்குத் தோள் மாட்டிக்கிச்சுன்னு. நான் கிண்ணத்தப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

செவிலி வந்துவிட்டாள் என்று ஃபோனை வைத்துவிட்டாள். அப்படியா பேசினேன்... பேசியிருப்பேன், அசதியில் வேறெங்கே போய்க் கொட்டுவது, அவள் சின்னப்பிள்ளை, மீன்முள் எடுத்துக்கொண்டிருக்கிறாள் என்றல்லவா நினைத்தேன்... ஆனாலும் மறைத்தது மறைத்ததுதானே, நேற்று மாங்காய் கேட்டுக் கொஞ்சியது கொஞ்சியதுதானே, அந்த வயிற்றெரிச்சல் இப்போதும் அப்படியே இருக்கிறது. நல்லதும்தானே சொல்லியிருப்பேன்? வந்து, கத்தி, பெற்று, பசிக்கிறது கஞ்சி கொடுங்கள் என்று கேட்டவர்கள்தானே முக்கால்வாசிப் பேர், அவர்களில் ஒருத்தியைப் பற்றியாவது... உள்ளேயிருந்து லுவா கூப்பிடுகிறாள், இன்னொருத்திக்கு வலி எடுத்துவிட்டதாம், இதோ வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு நின்ற இடத்திலேயே நின்று யோசிக்கிறேன். நல்லபடியாகப் பெற்றவள் ஒருத்தியின் கதையைக்கூட நான் வீட்டுக்குக் கொண்டுபோன நினைவில்லை.